ஐஸ்காரர் மகன் வரைந்த படங்கள்

சிலுவையில் ஒருவர் தொங்குகிறார். அவர் ஏசுநாதர் அல்லர்; தெருத் தெருவாக ஐஸ் விற்றவர். அவர் தலையைக் கவ்விப் பிடித்திருப்பது முள்முடி அன்று. ஐஸ் கட்டியைத் தூக்கும் இரும்பு இடுக்கி. இப்படத்தை வரைந்தவர் அந்த ஐஸ்காரரின் சொந்த மகன். ஒருமுறை வரைந்ததோடு அவர் மனம் ஆறவில்லை. 1940களின் கடைசியில் தொடங்கி, அடுத்த பத்தாண்டுகளில் இதையே மீண்டும் மீண்டும் வரைந்தார். மறந்துவிடக் கூடாது என்ற வாசகத்தையும் படத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்.

அவர் பெயர் ரால்ஃப் ஃபசனெல்லா. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1914ஆம் ஆண்டு பிறந்து 1997 டிசம்பரில் மறைந்தவர். மும்பைத் தமிழர்களின் ஏட்டில் ஓர் அமெரிக்க ஓவியருக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர் பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். தொழிற்சங்க ஊழியர். இந்த மூன்றும் நமக்குப் பழகிய வாழ்க்கைதான். நான்காவதாக அவர் ஒரு காரியம் செய்தார். அதை நாம் இன்னும் செய்யவில்லை. அதற்காகவே இக்கட்டுரை.

தென் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அவருடைய பெற்றோர். ஆறு பிள்ளைகளில் ரால்ஃப் மூன்றாமவர். தந்தை குதிரை வண்டியில் ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போடுவார். அந்தக் குடியிருப்புகளை நம் பக்கத்துச் சால் என்று எண்ணிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் வேறுபாடு. லிஃப்ட் கிடையாது. நீர் சொட்டும் ஐஸ் கட்டியைத் தோளில் சுமந்து நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் ஏற வேண்டும். சிறுவன் ரால்ஃப் விடியலுக்கு முன்பே எழுந்து தந்தையுடன் வண்டியில் போவான். பிறகு வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி வந்தது. ஐஸ்காரர் தேவையற்றுப் போனார். சாவுச் செய்தி போடும் பத்திரிகைகள்கூட ஒரு தொழில் செத்ததற்கு நான்கு வரி எழுதுவதில்லை.

தாய் ஜினெவ்ரா ஒரு தையல் பட்டறையில் பொத்தான்களுக்குத் துளை போடும் வேலை செய்தார். படிக்கத் தெரிந்தவர், முசோலினியின் பாசிசத்தை எதிர்த்து, தம் ஊர்க்காரர்கள் நடுவே வேலை செய்தவர். மகனுக்கு அரசியல் ஊட்டியவர் அவர்தான். ஒருகட்டத்தில் தந்தை குடும்பத்தை விட்டுவிட்டு இத்தாலிக்கே போய்விட்டார். பையன் தெருவில் திரிந்து திருத்தப்பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே பட்ட அடியையும் பின்னாளில் அவர் வரைந்தார்: வரிசை வரிசையாக நிறுத்தப்பட்ட சிறுவர்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விட்டுவிட்டு ஓடிய தந்தையை மகன் வெறுத்திருக்கலாம், நியாயம்தான். ஆனால் அவர் தந்தையைச் சிலுவையில் ஏற்றி வரைந்தார். இந்த ஆள் நல்லவனா கெட்டவனா என்ற விசாரணையைத் தாண்டி, இவனை இப்படி ஆக்கியது எது என்று அவர் கேட்டார். தோளில் ஐஸ் சுமந்து சுமந்து ஒரு மனிதன் என்ன ஆகிறான் என்று கேட்டார். குடித்துவிட்டு வரும் தகப்பனைப் பற்றி நம் சால்களில் பேசுகிறவர்கள் எத்தனை பேர் இந்தக் கேள்வி வரை போகிறோம்?

இளைஞரானபின் பஞ்சாலை வேலை, லாரி ஓட்டும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். 1930களில் ஸ்பெயின் நாட்டுக் குடியரசைக் காக்க அமெரிக்காவிலிருந்து சென்ற தொண்டர்களில் அவரும் ஒருவர். திரும்பி வந்து, மின்சார, வானொலித் தொழிலாளர் சங்கத்தில் முழுநேர ஊழியரானார். ஆலை வாசலில் நோட்டீஸ் கொடுப்பது, வீடு வீடாகப் போய் உறுப்பினர் சேர்ப்பது, இரவு கூட்டம், மறுநாள் மீண்டும் ஆலை வாசல். இந்த வேலை எப்படிப்பட்டது என்று இந்த ஏட்டைப் படிக்கும் பலருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

1945 வாக்கில் அவருடைய விரல்களில் வலி வந்தது. விரலுக்குப் பயிற்சியாகப் படம் வரைந்து பாரேன் என்று உடன் வேலை செய்த தோழர் ஒருவர் சொன்னாராம். அப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எந்தக் கலைப்பள்ளியிலும் கால் வைத்ததில்லை. பென்சிலை எடுத்தவர் அதன்பின் கீழே வைக்கவில்லை. சங்க வேலையை விட்டு, இரவெல்லாம் விழித்திருந்து வரையத் தொடங்கினார்.

காலம் கெட்ட காலம். செனட்டர் மெக்கார்த்தியின் பெயரால் அறியப்படும் கம்யூனிஸ்டு வேட்டை நடந்த ஆண்டுகள் அவை. சங்கத்தில் இருந்தவன் என்றாலே கறுப்புப் பட்டியல். நல்ல வேலை எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் உடன்பிறந்தவரோடு சேர்ந்து நகரின் பிராங்ஸ் பகுதியில் பெட்ரோல் பங்க் நடத்தினார். பகலில் வண்டிகளுக்குப் பெட்ரோல், இரவில் வண்ணம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் படங்களை விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே பார்த்தார்கள். மனைவி ஈவா பள்ளி ஆசிரியை. அவர் சம்பளத்தில் வீடு நடந்தது. சங்க ஊழியர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர்களுடைய மனைவிமார் வாங்கிவந்த சம்பளத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. நம் சங்கத்துக்கும் இது பொருந்தும்.

1972ஆம் ஆண்டு நியூயார்க்கின் பெரிய வார இதழ் ஒன்று அவர் படத்தை அட்டையில் போட்டது. பிராங்ஸில் பெட்ரோல் போட்டுப் பிழைக்கிறவர் என்று அறிமுகம் செய்துவிட்டு, நாட்டின் மிகச் சிறந்த 'பிரிமிட்டிவ்' ஓவியர்களில் ஒருவர் என்ற பட்டத்தையும் கொடுத்தது. வயது 58இல் புகழ் வந்தது. பட்டத்தைப் பாருங்கள்! படித்தவன் வரைந்தால் அவன் ஓவியன். உழைப்பாளி வரைந்தால் அவன் ஆதிமனிதன். தன் நகரத்தின் ஒவ்வொரு தெருவும், அந்த நாட்டின் அரசியலும் கைவிரல் போலத் தெரிந்த ஒருவரை, ஒன்றும் அறியாத பாமரர் என்று தட்டிக்கொடுப்பது பாராட்டு ஆகாது. நம் ஊரிலும் தெருக்கூத்துக் கலைஞனுக்கு மாலை போடுகிறவர்கள் இதே தொனியில்தான் பேசுகிறார்கள்.

அவருடைய படங்களை அச்சில் பார்த்தவர்களுக்கு ஒன்று உடனே கண்ணில் படும். வீட்டின் முன்சுவரை அப்படியே எடுத்துவிடுவார். நான்கு மாடியிலும் என்ன நடக்கிறது என்பது ஒரே நேரத்தில் தெரியும்: ஒரு வீட்டில் சமையல், இன்னொன்றில் சண்டை, ஓரிடத்தில் குழந்தைக்குத் தாலாட்டு, கீழே தெருவில் பந்தாட்டம். ஆலையை வரைந்தால் ஒவ்வொரு சன்னலிலும் ஓர் ஆள், ஓர் எந்திரம். கூட்டத்தை வரைந்தால் அதில் வெறும் புள்ளி என்று யாரும் இல்லை. எல்லாருக்கும் முகம் உண்டு. இதைக் கலை விமரிசகர்கள் எப்படி அழைப்பார்களோ, எனக்கு இது சங்க உறுப்பினர் பதிவேடு போலத் தெரிகிறது. ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்கிற கவலை அந்தப் படங்களில் இருக்கிறது.

ரயில்வே ஊழியன் என்பதால் ஒரு படத்தைத் தனியாகச் சொல்ல எனக்கு ஆசை. 1950இல் வரைந்த 'சுரங்க ரயில் பயணிகள்'. பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆட்கள், வேறொன்றும் இல்லை. நம் ஹார்பர் லைனில் தினம் பார்க்கும் காட்சிதான். அந்தப் படம் 1990களில் நியூயார்க்கின் ஒரு சுரங்க ரயில் நிலையத்திலேயே மாட்டப்பட்டது. பயணச்சீட்டு வாங்கியவன் எவனும் பார்க்கலாம். பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் தொங்குவதற்காகத் தாம் வரையவில்லை என்று அவர் சொல்லிவந்தார். 1980களின் நடுவில் தொழிற்சங்க ஊழியர் ஒருவர் இதைக் கையிலெடுத்து, சங்கங்களிடம் பணம் திரட்டி, தனியாரிடம் போய்விட்ட படங்களை மீட்டுப் பொது இடங்களில் வைக்கும் இயக்கத்தை நடத்தினார். குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 'குடும்பச் சாப்பாடு' என்ற அவருடைய 1972ஆம் ஆண்டுப் படம் வைக்கப்பட்டது. விளக்கின் கீழே மேசை, சுற்றிலும் குடும்பம்.

இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது, புகழ் வந்தபின் அவர் செய்த காரியத்தை. 1975இல் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஆலை நகருக்குப் போனார். மலிவான ஓர் அறையில் தங்கினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அங்கே போவதும் வருவதுமாக இருந்தார். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். தேநீர்க் கடைகளில் வயதான ஆலைத் தொழிலாளர்களோடு பேசினார். ஆலைக் கட்டடங்களை அளந்து அளந்து பார்த்தார். 1912ஆம் ஆண்டு அங்கே நடந்த வேலைநிறுத்தத்தை வரைவதுதான் நோக்கம்.

அந்த வேலைநிறுத்தம் என்ன? 1912 ஜனவரி முதல் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வார வேலை நேரம் 56 மணியிலிருந்து 54 மணியாகச் சட்டப்படி குறைந்தது. முதலாளிகள் அந்த இரண்டு மணி நேரக் கூலியையும் வெட்டினார்கள். வாரத்துக்குச் சுமார் 32 சென்ட். சில ரொட்டிகளின் விலை. கொட்டும் பனியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், லித்துவேனியர், சிரியர் என்று இருபதுக்கு மேற்பட்ட இனத்தார். ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாது. இவர்களை ஒன்று சேர்க்க முடியாது என்று முதலாளிகள் நம்பினார்கள். மொழிக்கொரு பிரதிநிதி வைத்துக் குழு அமைத்து, ஒவ்வொரு பேச்சையும் ஒவ்வொரு மொழியிலும் திருப்பிச் சொல்லிப் போராட்டத்தை நடத்தினார்கள். அன்னா லோபிட்சோ என்ற பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். பட்டினியிலிருந்து காக்கப் பிள்ளைகளை வெளியூர் ஆதரவாளர் வீடுகளுக்கு ரயிலில் அனுப்பினார்கள். பிப்ரவரி 24 அன்று ரயில் நிலையத்திலேயே போலீசார் தாய்மாரையும் பிள்ளைகளையும் அடித்து இழுத்துப் போனார்கள். நாடே கொதித்தது. மார்ச் மாதம் தொழிலாளர் வென்றனர்; கூலி உயர்ந்தது.

வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியபோது சாட்சி சொன்னவர்களில் கமெல்லா தியோலி என்ற இத்தாலியச் சிறுமியும் ஒருத்தி. நான்கு டாலர் கொடுத்தால் வயது கூட்டிக் காகிதம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் வந்ததையும், பதின்மூன்று வயதில் ஆலைக்குப் போனதையும், எந்திரம் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தலைத்தோலைப் பிய்த்ததையும், ஏழு மாதம் மருத்துவமனையில் கிடந்ததையும் அவள் சொன்னாள். குடியரசுத் தலைவரின் மனைவியே அந்த விசாரணையில் உட்கார்ந்து கேட்டார். பத்திரிகைகளில் அவள் பெயர் வந்தது.

பிறகு அவள் லாரன்ஸிலேயே வாழ்ந்து, முதுமையடைந்து மறைந்தாள். 1970களில் ஒரு பத்திரிகையாளர் அவளுடைய மகளைத் தேடிக் கண்டுபிடித்தார். மகளுக்கு ஒன்றுமே தெரியாது. தாயின் தலையில் மயிர் முளைக்காத இடம் தெரியாதபடி பல ஆண்டுகள் அவரே தலைவாரிக் கொண்டை போட்டுவிட்டிருக்கிறார். அந்த வழுக்கை எப்படி வந்தது, அதைப் பற்றித் தன் தாய் நாடாளுமன்றத்தில் என்ன சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் நாட்டுக்கும் கடவுளுக்கும் எதிரிகள் என்று அந்த ஊரில் அவ்வளவு காலம் சொல்லிவந்திருக்கிறார்கள். வென்றவர்கள் வெற்றியைச் சொல்லவே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் போய் அமர்ந்துதான் ஃபசனெல்லா பதினெட்டு ஓவியங்கள் வரைந்தார். 1980இல் லாரன்ஸ் நகரம் அந்த வேலைநிறுத்தத்தை வெளிப்படையாக நினைவுகூர்ந்து விழா எடுத்தது. இன்று கமெல்லாவின் பெயரில் அங்கே ஒரு தெரு இருக்கிறது. இது முழுவதும் ஓவியரால் ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் ஒரு காரணம். அந்த வரிசையில் ஒரு பெரும் படத்தைத் தொழிற்சங்கங்கள் விலைக்கு வாங்கி நாடாளுமன்றத்துக்கே கொடுத்தன. தொழிலாளர் விவகாரக் குழு கூடும் அறையில் அது தொங்கியது. 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றபின் அதைக் கழற்றிவிட்டார்கள்! ஒரு படத்தைக் கண்டு ஆளும் கூட்டம் சங்கடப்படுகிறது என்றால், அதில் வரையப்பட்டது சரியாகத்தான் வரையப்பட்டிருக்கிறது.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

மாலை நேரங்களில் நம் சங்க அலுவலகத்தில் நான் விண்ணப்பங்கள் நிரப்பித் தருகிறேன். கல்லூரி அனுமதி, உதவித்தொகை, வேலை என்று பிள்ளைகள் வருவார்கள். 'தந்தையின் தொழில்' என்ற கட்டம் வந்ததும் பலருடைய குரல் தாழ்ந்துவிடும். "பிசினஸ்னு போடுங்க, அண்ணே" என்பார்கள். தந்தை விடியற்காலையில் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இட்லி விற்கப் போகிறவர். அல்லது தோல் பையில் வார் தைக்கிறவர். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தொழிலைப் பற்றி மரியாதையாக ஒரு வார்த்தையை அவர்கள் பள்ளியிலும் கேட்கவில்லை, சினிமாவிலும் கேட்கவில்லை. நம் சங்க மேடையிலும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நம் மேடையில் சேரனையும் சோழனையும் கேட்டிருப்பார்கள். இமயத்தில் கொடி நாட்டியவன் பரம்பரை என்கிறோம். தாராவிச் சேற்றில் மண் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டவன் பேரன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் கூடங்களில் சுண்ணாம்பு நீரில் கை வெந்தவர்கள் நம் பாட்டன்மார். 1971இல் பாந்திரா இறைச்சிக்கூடம் தேவ்னாருக்குப் போனது. தோல் பதனிடும் தொழிலும் தாராவியில் படிப்படியாகத் தேய்ந்தது. ஐஸ்காரர் தொழில் போலத்தான். 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியே நின்றார்கள். பெரும்பாலோர் மராட்டியர், நம்மவர்களும் அந்த ஆலைகளில் இருந்தார்கள். அந்த நாட்களில் வீட்டில் எதை விற்று அரிசி வாங்கினார்கள் என்பது இன்றைய பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கமெல்லாவின் மகளை நினைத்துப் பாருங்கள்.

இதை நான் இப்போது எழுதக் காரணம் உண்டு. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. எத்தனை சதுர அடி, எந்த ஆண்டு முதல், என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான், நம் உரிமைக்கு அந்தத் தாள்கள் வேண்டும், அந்தப் போராட்டம் தனி. ஆனால் அந்தப் படிவத்தில் எந்தப் பாட்டி எந்தச் சந்தில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்குச் சீட்டுப் பிடித்தாள், எந்த அறையில் பதினான்கு ஆண்கள் ஷிப்டு மாற்றித் தூங்கினார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. சந்து போனால் அந்த நினைவும் போகும்.

ஆகவே ஒரு யோசனை. ஒவ்வொரு பொங்கலுக்கும் சங்கம் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறது. அவர்கள் வரைவது என்ன? இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, கரையில் தென்னை, ஓட்டு வீடு. தாராவியில் பிறந்த பிள்ளைக்குத் தெரிந்த ஆறு மித்தி ஆறு. அதை அது வரைவதில்லை. வரைந்தால் பரிசும் கிடைக்காது! வரும் பொங்கலுக்குத் தலைப்பை மாற்றுவோம். 'எங்கள் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள்' என்று கொடுப்போம். தந்தையிடம், தாயிடம், உயிரோடு இருந்தால் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்து வரையட்டும். சுவரைத் திறந்து காட்டினாலும் சரி, கோணல் மாணலாக இருந்தாலும் சரி.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். தலைவர்களுக்கு வைக்கும் பதாகைகளில் ஒன்றைக் குறைத்தால் தாளும் வண்ணமும் வாங்கிவிடலாம். ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும். பரிசு பெற்ற மூன்று படங்களோடு நிறுத்தாமல், வந்த படங்கள் அத்தனையையும் கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும். படத்தின் கீழே வரைந்த பிள்ளையின் பெயரோடு, வரையப்பட்டவரின் பெயரும் தொழிலும் அவர் ஊரும் இருக்க வேண்டும். எங்கள் மானம் போகிறது என்று சில பெற்றோர் சொல்லக்கூடும். அவர்கள் வீட்டுக்கு நானே போய்ப் பேசுகிறேன். பார்சல் ஆபீசில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக என் படத்தை என் மகள் வரைந்து முதலில் மாட்டட்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். ஆதரிக்கும் தோழர்கள் அன்று நேரத்துக்கு வந்து சேருங்கள்.